நெறி ஏன் கட்டுகிறது? நிணநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தில் கட்டி, அக்குளில் கட்டி, தொடை இடுக்கில் நெறி. சேலத்தில் நோயியல் ஆய்வகம் ஒன்றில் உட்கார்ந்தால் வந்து சேரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஓமலூர், வாழப்பாடி, ஏற்காடு என்று எங்கிருந்து வந்தாலும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டும்போதே "கேன்சரா இருக்குமுங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் இருக்காது. அந்தக் கட்டி அங்கே எதற்காக வந்தது என்று தெரிந்தால்தான் பயம் விடும். அதற்கு நிணநீரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நிணநீர் என்பது ரத்தமா, வேறு ஏதாவதா?

ரத்தத்திலிருந்து கசிந்து ரத்தத்துக்கே திரும்பும் நீர். மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியே ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓயாமல் திசுக்களுக்குள் கசிகிறது. செல்களுக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் போய்ச் சேர்வது இந்த நீரின் வழியாகத்தான். செல்களுக்கு நடுவே கிடக்கும் இந்த நீர், நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் அதற்குப் பெயர் நிணநீர். வளர்ந்த ஒருவரின் உடம்பில் நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இப்படித் திரும்பி, இடது காறை எலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய சிரையில் கலக்கிறது. வலது கை, வலது மார்பு, தலையின் வலது பாதி ஆகியவற்றிலிருந்து வருவது மட்டும் வலது பக்கம் போய்ச் சேரும்.

நிறம் வெளிர் மஞ்சள். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு குடலிலிருந்து வரும் நிணநீர் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, அப்போதுதான் சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது இந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்ட, வெள்ளை நீர் வழிந்தது. நிணநீர்க் குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சி சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான்.

உபரி நீரைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு என்றுதான் பள்ளியில் படித்தோம். இதில் கண்காணிப்பு எங்கே வருகிறது?

படித்தது சரிதான், ஆனால் பாதிக் கதை.

உடம்பில் டி செல்கள், அதாவது கிருமியை அடையாளம் காணும் ஒருவகை வெள்ளணுக்கள், கோடி கோடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அடையாளத்தைத் தேடிக்கொண்டு அலைகிறது. குறிப்பிட்ட ஒரு கிருமியின் குறிப்பிட்ட ஒரு துண்டைக் கண்டால் "இதுதான்" என்று சொல்லக்கூடிய டி செல், லட்சத்தில் ஒன்று இருக்கலாம்; பத்து லட்சத்தில் ஒன்றாகவும் இருக்கலாம். இடது கால் சுண்டுவிரலில் முள் குத்திய அந்த நேரத்தில், அந்த ஒரு செல் அதே சுண்டுவிரல் பக்கம் வந்து நிற்குமா? நிற்காது. உடம்பு அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதும் இல்லை. சுண்டுவிரலில் உள்ளதையெல்லாம் ஒரு பொது இடத்துக்குக் கொண்டு வந்து, அலையும் டி செல்களையும் அதே இடத்தின் வழியே போக வைக்கிறது. அந்தப் பொது இடம்தான் நிணநீர் முடிச்சு. கொண்டு வருவது நிணநீர்.

ஊர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் நடப்பது இதுதான். யாரும் தொழுவம் தொழுவமாகப் போய் மாட்டைப் பார்ப்பதில்லை. பால் கேனோடு வருகிறது. கொஞ்சம் எடுத்துப் பார்த்தாலே யார் வீட்டுப் பாலில் தண்ணீர், எதில் கொழுப்பு குறைவு என்று தெரிந்துவிடும்.

நிணநீரில் இருப்பதும் அப்படிப்பட்ட மாதிரிதான். அது கழுவி வந்த திசுவின் புரதங்கள், செத்த செல்களின் துணுக்குகள், செல்கள் ஒன்றுக்கொன்று விடும் ரசாயனச் சைகைகள், கிருமி புகுந்திருந்தால் கிருமியோ அதன் துண்டுகளோ, எல்லாம் அதில் இருக்கும். நோய் இல்லாத நாளிலும் இந்த மாதிரி வந்துகொண்டேதான் இருக்கிறது. மனித உடம்பில் சுமார் 600 முடிச்சுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம். காலிலிருந்து வருவது தொடை இடுக்குக்கு. கையிலிருந்தும் மார்பகத்திலிருந்தும் வருவது அக்குளுக்கு. தொண்டை, பல் என்றால் தாடைக்குக் கீழே. தலைத்தோல் என்றால் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும். தலையில் பேன் புண் இருக்கும் குழந்தைக்குப் பிடரியில் சிறு உருண்டைகள் தட்டுப்படுவது இதனால்தான்.

நீர் மட்டும் போதுமா? செய்தியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டாமா?

இருக்கிறார்கள். தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் டென்ட்ரைட்டிக் செல்கள் கைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தோலில் உள்ள ஒரு வகையை 1868-இல் பால் லாங்கர்ஹான்ஸ் மாணவராக இருந்தபோதே பார்த்தார். அவரும் நரம்பு என்றுதான் நினைத்தார்.

இவை சுற்றிலும் உள்ளதை விழுங்கி, துண்டாக்கி, மேற்பரப்பில் ஏந்தி வைத்துக்கொள்ளும். கிருமிக்குரிய அடையாளம் தென்பட்டால் குணமே மாறிவிடும். விழுங்குவதை நிறுத்திவிட்டு, சிசிஆர்7 என்ற ஏற்பியைத் தன் மேல் வளர்த்துக்கொள்ளும். நிணநீர்க் குழாய்ச் சுவரிலிருந்து வரும் ஒரு ரசாயனத்தை அந்த ஏற்பியால் மோப்பம் பிடித்து, குழாய்க்குள் நுழைந்து முடிச்சுக்குப் போய்ச் சேரும். நீரில் மிதந்து வரும் துண்டுகள் நிமிடங்களிலும் மணிகளிலும் வந்துவிடும். செல் சுமந்து வரும் சரக்குக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். முதலில் வருவது வெறும் துண்டு. பின்னால் வரும் செல்லோ அந்தத் துண்டோடு 'இது ஆபத்து' என்ற சான்றையும் சேர்த்துக் கொண்டு வருகிறது. டி செல்லைக் கிளப்ப இரண்டும் வேண்டும்.

டென்ட்ரைட்டிக் செல்லுக்கு 1973-இல் பெயர் வைத்தவர்கள் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும். ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாள் முன்பே அவர் கணையப் புற்றுநோயால் இறந்திருந்தது அறிவித்தவர்களுக்குத் தெரியாது. தன் நோய்க்கு, தான் கண்டுபிடித்த செல்களைக் கொண்டே தயாரித்த சிகிச்சையையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

முடிச்சுக்குள் என்ன நடக்கிறது?

அவரை விதை அளவு, அதே வடிவம். புடைத்த பக்கமாகப் பல குழாய்கள் உள்ளே வரும். குழிந்த பக்கமாக ஒன்றிரண்டு வெளியே போகும். உள்ளே நுழைந்த நீர் முதலில் முடிச்சின் வெளி உறையான ஓட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியில் பரவுகிறது. அங்கே கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் காத்திருந்து, மிதந்து வரும் வைரஸ், பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்கின்றன. கிருமி அங்கிருந்து ரத்தத்துக்குப் போகாமல் தடுப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்குள்ளே, கிருமிக்கு எதிரான எதிர்ப்புரதம் தயாரிக்கும் பி செல்களுக்கு ஒரு பகுதி, டி செல்களுக்கு ஒரு பகுதி. டென்ட்ரைட்டிக் செல்கள் டி செல் பகுதியில் வந்து நிற்க, டி செல்கள் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்துப் போகும். பொருந்தாவிட்டால் அரை நாளோ ஒரு நாளோ சுற்றிவிட்டு, வெளியே போகும் நிணநீரில் ஏறி, ரத்தம் வழியாக அடுத்த முடிச்சுக்குப் போய்விடும். பொருந்தியதோ அங்கேயே நின்று இரண்டு நான்காக, நான்கு எட்டாகப் பெருக ஆரம்பிக்கும். சில நாட்களில் ஒன்று பல ஆயிரமாகும். அதே நேரத்தில் வெளியேறும் வழியை முடிச்சு கொஞ்ச நேரம் அடைத்தும் வைக்கிறது. வரும் கூட்டம் போகாமல் தங்க, உள்ளே உள்ள கூட்டம் பெருக, ஓடு இழுபட்டு வலிக்கிறது. நெறி கட்டுவது என்பது இதுதான்.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. காலில் முள் குத்தி, மறுநாள் கவுட்டில் நெறி கட்டிக்கொண்டது. உருவி விடலாமா? சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போடலாமா?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, பழம் பறிக்கும் காலத்தில், இந்தக் கேள்வி தவறாமல் வரும். உண்ணிச்செடி முள், சிராய்ப்பு, செருப்புக் கடி, எதுவாக இருந்தாலும் தோல் திறந்துவிட்டால் வழி ஒன்றுதான்.

உருவாதீர்கள். அழற்சியில் இருக்கும் முடிச்சை அழுத்தித் தேய்ப்பதால் வலிதான் கூடும். பற்றுப் போட்டால் இதமாக இருக்கலாம், ஆனால் நோய் இருப்பது நெறியில் இல்லை, காலில். பார்க்க வேண்டிய இடம் புண். சோப்புப் போட்டுக் கழுவி, முள் உள்ளே நிற்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

புண்ணிலிருந்து தொடையை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரல் வைத்தால் சூடாக இருக்கும், தொட்டால் வலிக்கும். கிருமி நிணநீர்க் குழாய்க்குள்ளேயே ஏறிவிட்டதன் அடையாளம் அது. கருத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. வலிக்கும் கோட்டைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காய்ச்சலோ குளிரோ சேர்ந்துவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

இன்னொன்று, மலைப்பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. முள் குத்திய ஞாபகமே இல்லை, நெறி மட்டும் கட்டியிருக்கிறது, கூடவே விடாத காய்ச்சலும் தலைவலியும் என்றால், உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். இடுப்பு மடிப்பு, அக்குள், மார்புக்கு அடியில் எங்காவது சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத கருப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் ஆக இருக்கலாம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. தமிழ்நாட்டில் மழையும் பனியும் உள்ள மாதங்களில் அதிகம் பார்க்கிறோம். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்குத் தொடை இடுக்கில் கடலைப் பருப்பு அளவில் ஒன்றிரண்டு முடிச்சுகள் எப்போதும் தட்டுப்படலாம். வலியில்லாமல், வளராமல் இருந்தால் அவற்றைத் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

பிறந்தவுடன் பிசிஜி போட்டார்கள். இப்போது குழந்தையின் இடது அக்குளில் ஒரு கட்டி. ஊசி தப்பாகப் போட்டுவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. பிசிஜி இடது மேற்கையில் போடுவது. அந்த வட்டாரத்து நிணநீர் போய்ச் சேருமிடம் இடது அக்குள். தடுப்பூசி வேலை செய்யும் இடமே அதுதான். சிறிய கட்டி தானாக அடங்கும். வேகமாகப் பெரிதாகி, தோல் சிவந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக அழுத்திப் பிதுக்க வேண்டாம்.

சொந்த உடம்பின் துணுக்குகளும் அதே நீரில்தானே வருகின்றன? அவற்றை ஏன் தாக்குவதில்லை?

என்னைக் கேட்டால், நிணநீரின் மிக அழகான வேலை இதுதான். நோயில்லாத நாட்களிலும் டென்ட்ரைட்டிக் செல்கள் சில முடிச்சுக்கு வந்துகொண்டே இருக்கும். கையில் உடம்பின் சொந்தப் புரதத் துண்டு. ஆபத்துச் சான்று மட்டும் இருக்காது. அப்படிக் காட்டப்படும் துண்டோடு ஒரு டி செல் பொருந்திவிட்டால் அது பெருகுவதில்லை. செயலிழக்கும், அல்லது செத்துப்போகும், சிலது மற்றவற்றை அடக்கும் வகையாக மாறும். நாம் சாப்பிடும் சோற்றையும் பருப்பையும் உடம்பு எதிரியாக நினைக்காததற்கும் குடலிலிருந்து வரும் நிணநீரில் நடக்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணம். இந்த ஏற்பாடு தவறும்போது முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் வர வழி பிறக்கிறது.

நிணநீருக்கு இதயம் மாதிரி பம்ப் உண்டா?

தனியாக ஒன்று இல்லை. பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரில் தசை இருக்கிறது. துண்டு துண்டாகச் சுருங்கி நீரை மேலே தள்ளும். திரும்பி வராமல் வால்வுகள் தடுக்கும். கால் தசை அசைவதும் மூச்சு இழுப்பதும் துணை. நாள் முழுக்க வெள்ளிப் பட்டறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர், இரவு முழுக்கச் சென்னை பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தவர், இவர்களுக்கெல்லாம் பாதம் வீங்குவதில் இந்த அசைவின்மைக்கும் பங்கு உண்டு. நடந்தால் வடியும். நடந்தும் வடியாத வீக்கம் என்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் சோதிக்க வேண்டும்.

பாம்பு கடித்தால் அசையக் கூடாது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. விஷத்தில் உள்ள பெரிய புரதங்கள் நேராக ரத்தத்துக்குள் நுழைய முடியாது. நிணநீர் வழியாகத்தான் ஏறுகின்றன. தசை அசைந்தால் நிணநீர் வேகமாகும். அதனால்தான் கடிபட்ட காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறோம். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க ஆகும் நேரத்தை நினைத்தாவது மந்திரிப்பதில் ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம்.

'நிணநீர் டீடாக்ஸ் மசாஜ்' என்று விளம்பரம் பார்க்கிறேன். செய்துகொள்ளலாமா?

சுகமாக இருக்கும் என்றால் செய்துகொள்ளுங்கள். நச்சு வெளியேறும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். நிணநீர் உடம்புக்கு வெளியே எங்கும் போவதில்லை; ரத்தத்துக்குத்தான் போகிறது. கழிவை வடிப்பது கல்லீரலும் சிறுநீரகமும். நிணநீரைச் சாக்கடை என்று நினைப்பதில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. முடிச்சுகள் அகற்றப்பட்டுக் கை வீங்கியவர்களுக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்யும் மென்மையான நிணநீர் வடிப்பு முறை வேறு. அது சிகிச்சை.

பச்சை குத்திய மையும், மேக்னசைட் சுரங்கத்தில் சுவாசிக்கும் தூசியும் எங்கே போகின்றன?

மையில் ஒரு பகுதி தோலில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே தங்குகிறது. மிச்சம் நிணநீரில் கிளம்பி முடிச்சில் போய் நிற்கிறது. கையில் பச்சை குத்தியவரின் அக்குள் முடிச்சை அறுத்தால் உள்ளே அதே நிறம் திட்டுத் திட்டாக இருக்கும். தூசியும் இப்படித்தான். பெரிய துகள்களைச் சளி வெளியேற்றிவிடும். மிக நுண்ணியது மூச்சுப்பைகள் வரை போய், அங்கிருந்து நுரையீரல் வாசலில் உள்ள முடிச்சுகளுக்குப் போகும். நகரத்தில் வாழ்ந்தவர்களின் அந்த முடிச்சுகளை வெட்டினால் கரித் தூளால் கருத்திருக்கும். பிடித்து வைக்கத் தெரிகிறது, செரிக்கத் தெரியவில்லை. எந்தத் தூசி வேலையானாலும் முகக்கவசம் போடச் சொல்வது இதற்காகத்தான்.

புற்றுநோயும் இதே வழியில்தான் பரவுமா?

பல வகைகள் அப்படித்தான். மார்பகக் கட்டியிலிருந்து உதிரும் செல் முதலில் போய் நிற்கக்கூடிய முடிச்சை, நீலச் சாயமோ கதிரியக்கத் திரவமோ செலுத்திக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் புற்றுநோய் இல்லையென்றால் அக்குளில் உள்ள மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். அக்குள் முடிச்சுகளை முழுவதும் எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்கலாம். அதைவிட முக்கியம், அந்தக் கையின் கண்காணிப்பும் குறைந்துவிடுகிறது. சமையலறைக் கத்தி வெட்டு, ரோஜாச் செடி முள் எல்லாம் அவர்களுக்கு அற்பமல்ல. கையுறை போடுங்கள்.

யானைக்கால் நோய்?

கியூலெக்ஸ் கொசு கடித்து வரும் புழு, நிணநீர்க் குழாய்க்குள்ளேயே பல வருடம் குடியிருக்கும். காவல் இருக்கும் பாதையிலேயே குடித்தனம். குழாய் சிதைந்து நீர் தேங்க, அந்தக் காலில் பாக்டீரியா தொற்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தொற்றுக்கும் கால் இன்னும் பருக்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து உலர வைப்பது பாதி வைத்தியம்.

மண்ணீரலும் டான்சிலும் இதே வேலையைத்தான் செய்கின்றனவா?

வேலை ஒன்று, இடம் வேறு. மண்ணீரல் ரத்தத்தைச் சோதிக்கிறது. டான்சில், வாய்க்கும் மூக்குக்கும் வருவதை நேரடியாகச் சோதிக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் நிணநீர்க் குழாய்கள் உண்டு என்பது 2015-இல்தான் உறுதியானது; அதுவரை இல்லையென்று எழுதிய புத்தகங்களைத்தான் நாங்கள் படித்தோம்.

எந்தக் கட்டிக்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் வந்த எந்தக் கட்டிக்கும். மற்ற இடங்களில், இரண்டு மூன்று வாரம் கடந்தும் குறையாதது, கல் மாதிரி இறுகியது, அசைத்தால் அசையாதது, வலியே இல்லாமல் வளர்ந்துகொண்டிருப்பது. மாலையில் காய்ச்சல், இரவில் வேர்வை, எடை குறைவது இவற்றோடு கழுத்துக் கட்டி இருந்தால் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். சோதனைக்காகக் கட்டியில் மெல்லிய ஊசி குத்தி உறிஞ்சும்போது பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளையாக வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றினால், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி சில சமயம் தெரியும். தெரியாவிட்டாலும் மரபணுச் சோதனைக்கு அனுப்புவோம். மருந்து குறைந்தது 6 மாதம். அரசு மருத்துவமனையில் இலவசம்.

என் ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது. அப்படியென்றால்?

முடிச்சு வேலையில் இருக்கிறது என்று பொருள். எந்த வேலை என்பதை ஊசி சொல்லாது. அந்த முடிச்சின் வட்டாரத்தில் தேட வேண்டும்: கழுத்து என்றால் பல், தொண்டை, காது, தலைத்தோல், அக்குள் என்றால் கை, மார்பகம். காரணம் கிடைத்து அதற்கு மருந்து எடுத்தால் கட்டி மெதுவாகச் சுருங்கும். முழுவதும் மறைய வாரக்கணக்கில் ஆகலாம். டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி காட்டுங்கள். குறையாமலோ பெரிதாகியோ இருந்தால் இரண்டாவது ஊசியோ, முடிச்சையே எடுத்துச் சோதிப்பதோ தேவைப்படும். அப்போது வேறு ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தால், ரிப்போர்ட்டோடு பழைய கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.